அத்தானின் ‘டெட்’

எங்கள் பக்கத்தில் ‘டெட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அதிகம் செலவழித்தவர் என் அக்காவின் கணவர்தான். களுவாஞ்சிக்குடியில் பற்றரி சார்ஜ் பண்ணும் கடை வைத்திருந்தார். கரண்ட் இல்லாத காலம். ரேடியோவில் செய்தி கேட்கவும், யார் வீட்டிலாவது கூடியிருந்து படம் பார்க்கவும் கார் பற்றரிதான் கதி. சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். அத்தான் மூடியைத் திறந்து பார்த்து ‘டெட்’ என்றால் அந்தப் பற்றரியை எறியலாம். ‘நோ டெட்’ என்றால் மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

கடைச் சொல் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாலையில் ஆள் நடமாட்டம் அற்ற ரோட்டைப் பார்த்து டெட் என்பார். மீன் படாத நாளில் வாவி டெட். மழை ஏமாற்றிய வருடம் வயல் வட்டை முழுக்க டெட். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். ஒரு சொல்லைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறாரே என்று கேலி செய்வேன். சிரிப்பார், மறுபடியும் அதையே சொல்வார். மனிதர்களுக்கு மட்டும் அவர் அதைச் சொன்னதில்லை. செத்தவர்கள் எல்லோரும் அவருக்கு ‘மோசம் போனவர்கள்’. அந்த வருடங்களில் மோசம் போனவர்களுக்குக் குறைவில்லை.

ஒரு நாள் காலை கடைக்குப் போகும் வழியில், இராணுவச் சுற்றிவளைப்பில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பற்றரியும் வயருமாகத் திரிகிறவனைப் பிடிக்க அப்போது வேறு காரணம் தேவைப்படவில்லை. அக்கா கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். அப்படி ஒரு ஆளைக் கொண்டு வரவில்லை என்பதுதான் எல்லா வாசலிலும் கிடைத்த பதில்.

வைகாசி பிறக்குமுன் பெரியகல்லாற்று வாவிக்கரையில் ஒரு பிரேதம் ஒதுங்கியதாகச் சொன்னார்கள். போனோம். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இடுப்பில் சாரம் மட்டும் இருந்தது, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். பற்றரி அசிட் தெறித்தால் துணியில் அப்படித்தான் விழும். முள்ளில் பட்டாலும்தானே சாரம் ஓட்டையாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

இன்னார் என்று அடையாளம் காட்டிய வீடுகளுக்கு, அடுத்த கிழமையே மற்ற ஆண்களைத் தேடி வந்தார்கள். எங்கள் வீட்டில் தம்பி இருந்தான். பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்ற இராணுவ அதிகாரிக்குத் தமிழ் வராது, எங்களுக்குச் சிங்களம் வராது. அவன் பிரேதத்தைக் காட்டி, பிறகு அக்காவின் தாலியைக் காட்டி, "ஹஸ்பண்ட்? டெட்?" என்றான்.

இங்கிலீசு தெரிந்தவள் நான். அக்காதான் பதில் சொன்னாள்.

"நோ டெட்."

அத்தான் கடையில் சொல்கிற அதே மாதிரி, தலையை ஒரு பக்கம் ஆட்டிக்கொண்டு சொன்னாள். அவன் போகச் சொல்லிக் கையை வீசினான். கரையில் நின்ற மீன்பிடிகாரர்கள் அந்த உடலை அங்கேயே மணலில் குழி தோண்டித் தாட்டார்கள். கொள்ளியும் இல்லை, ஒரு வாய் தண்ணீரும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. சமைத்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், கடைப் பூட்டின் திறப்பை இடுப்பிலேயே வைத்திருந்தாள். அவர் எங்கேயோ இருக்கிறார் என்று நானும் நம்பினேன். நம்பாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது?

அடுத்த கிழமை கண்ணகை அம்மன் சடங்கு வந்தது. வருடத்தில் ஒரு முறைதான் அந்தக் கோயில் கதவு திறக்கும். சாவுத் துடக்கு என்ற தீட்டு உள்ளவர்கள் முப்பத்தொரு நாள் கழியாமல் கோயில் எல்லைக்குள் கால் வைக்க மாட்டார்கள். வைத்தால் ஊருக்கே அம்மாள் நோய் வரும் என்ற பயம். நீட்டிய துவக்குக்குப் பயப்படாதவர்களும் அதற்குப் பயப்பட்டார்கள். அத்தானுக்கு யாரும் செத்தவீடு செய்யவில்லை, ஆகவே எங்கள் வீட்டுக்குத் துடக்கும் இல்லை. நான் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தேன். அக்கா பிள்ளையோடு பின்னால் வந்தாள்.

எல்லையைத் தாண்டியபின் திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே ரோட்டு ஓரத்தில் நின்றுவிட்டாள். கோயிலைப் பார்க்கிற வண்ணக்கரும் கண்டுவிட்டார்.

"என்ன புள்ள, ஏன் அங்க நிக்கிறாய்? உள்ளுக்கு வா."

"இந்தமுறை ஏலா மாமா."

பெண்களின் மாதக் கணக்கு என்று நினைத்து அவர் மேலே கேட்காமல் போய்விட்டார். அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரே பாயில் படுக்கிறவர்கள் நாங்கள். பானையோடு அவளிடம் திரும்பிப் போனேன். அவள் முகத்தில் அழுகை இல்லை. சனத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நீ உள்ளுக்குப் போ. துடக்கு எனக்கும் புள்ளைக்கும்தான்."