அண்ணா போகாத இறுதியாட்டம்

எங்கள் அண்ணா பிறந்தது அச்சுவேலியில். ஆயுளில் பெரும்பகுதி கழிந்தது ஜேர்மனியில், இந்தப் பீலெஃபெல்டில். ஐந்து பேரில் மூத்தவர். அப்பா நேரத்தோடு கண்ணை மூடியதால் படிப்பை விட்டார். அகதியாக இங்கு வந்து, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட நின்று உழைத்தார். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கலியாணம் கட்டி வைத்தார். தான் கட்டவில்லை. கடைசிப் பன்னிரண்டு வருடமும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். திருநீறு பூசாமல் வாசல் தாண்டமாட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றை எழுதத்தான் அவருடைய ஓராண்டு நினைவு மலரில் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

அந்தத் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவர் பற்றிக் என்ற அயர்லாந்துக்காரர். தமிழ் ஆட்கள் எல்லாரும் அண்ணாவை "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட, அதுதான் பெயர் என்று நினைத்து அவரும் அப்படியே கூப்பிட்டார். அண்ணா கடைசிவரை திருத்தவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜேர்மன் மொழிதான்.

அண்ணாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று ரக்சியில் டயலிசிசுக்குப் போகத் தொடங்கிய பிறகு, பற்றிக் ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்து தங்கள் நாட்டுப் பந்தாட்டத்தை ரீவியில் போட்டுக் காட்டினார். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். வலைக்குள் போனால் மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனாலும் ஒரு புள்ளி. அண்ணாவோ இளவயதில் பெனால்ரியை மேலால் அடித்து ஊர்க் கழகத்தைத் தோற்கடித்தவர்.

"இஞ்சை பார் பிள்ளை, மேலாலை அடிச்சதுக்கும் புள்ளி குடுக்கிறாங்கள்! நான் நாடு மாறிப் பிறந்திட்டன்."

"ஓமோம், அங்கை பிறந்திருந்தா உங்களுக்குச் சிலை வைச்சிருப்பாங்கள்," என்றார் என் கணவர்.

மாவட்டத்துக்கு மாவட்டம் மோதும் ஆட்டம் அது. பலமான மாவட்டங்கள் பெரிய கிண்ணத்துக்கு ஆடும். பற்றிக்கின் மாவட்டம் சின்னது. ஆட்களைவிட அங்கே மாடு கூட என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால் அவர்களுக்கு இரண்டாம் கிண்ணம். ஒருமுறை தோற்றால் அந்த வருடம் முடிந்தது. ஆடுகிறவர்கள் வாத்திமாரும் மாடு வளர்க்கும் கமக்காரரும். சம்பளம் கிடையாது, பிறந்த மாவட்டத்துக்காக ஆடுகிறார்கள். அண்ணாவுக்கு அதுதான் பிடித்தது. "தோத்தாலும் தங்கடை சனத்துக்குள்ளை நிண்டு தோக்கிறாங்கள்," என்பார்.

அண்ணாவின் கடைசிக் கோடையில் அந்த மாவட்டம் ஒவ்வொரு ஆட்டமாக வென்று வந்தது. அரையிறுதிக்கு முதல் வெள்ளிக்கிழமை பற்றிக்கையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

"ஆற்றை பேருக்கு அர்ச்சனை?" என்று ஐயர் கேட்டார்.

"அயர்லாந்துப் பெடியளுக்கு, ஐயா. பதினைஞ்சு பேர்."

"அப்ப பதினைஞ்சு நட்சத்திரம் சொல்லுங்கோ."

"எல்லாருக்கும் என்ரை பூரட்டாதியையே போடுங்கோ."

ஐயர் சிரித்துக்கொண்டே செய்தார். ஒரு புள்ளியால் வென்றார்கள். முருகன் செயல் என்றே இன்றும் நம்புகிறேன்.

இறுதியாட்டம் டப்ளினில், சனிக்கிழமை.

அண்ணா தனக்கென்று ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை என்று இந்த மலரில் பலர் எழுதியிருக்கிறீர்கள். கேட்டார். ஒரே ஒருமுறை, என்னிடம்.

"பிள்ளை, அங்கை ஒரு கிளினிக்கிலை வெள்ளிக்கிழமை டயலிசிசுக்குப் பற்றிக் ரெர்மின் எடுத்துப்போட்டான். டொக்டரும் ஓம் எண்டிட்டார். ரெண்டு நாள்தான். போட்டு வரட்டே?"

சித்திரையில் அவர் குளியலறையில் மயங்கிக் கிடந்ததைக் கண்டவள் நான். பயத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"அங்கை விழுந்தா ஆர் தூக்கிறது? ஏலாது அண்ணா. அடுத்த வருசம் பாப்பம்."

"சரி. நீ சொன்னாச் சரி," என்றார். பைக்குள் மடித்து வைத்திருந்த உடுப்புகளைத் தானே எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தார். அப்போதுதான் அவர் ஏற்கெனவே அடுக்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பற்றிக் தானும் போகவில்லை என்று சொல்ல, "விசரா, உன்ரை சனம் அங்கை நிக்குது, போடா!" என்று தமிழும் ஜேர்மனுமாகத் திட்டிக் கலைத்துவிட்டார்.

சனிக்கிழமை டயலிசிஸ் கதிரையில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியில் ஆட்டத்தைப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வென்றுவிட்டார்கள். உடனே பற்றிக்கின் அழைப்பு வந்தது. பேச்சு ஒன்றும் இல்லை. மைதானத்துச் சனத்தின் ஆரவாரம் மட்டும்தான். ஊசி ஏறாத கையால் அதைக் காதோடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அழைப்பு நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"நல்ல சத்தம்," என்றார். பிறகு, "அங்கை நிண்டிருக்கலாம்."

மார்கழியில் போய்விட்டார். நான் சொன்ன அடுத்த வருடத்துக் கோடை அவர் இல்லாமல் வந்து போனது. சனிக்கிழமை காலையில் வாசலில் ஏதாவது ரக்சி நின்றால் இப்போதும் எழும்பிப்போய் யன்னலால் பார்க்கிறேன்.

அண்ணாவைத் தங்கள் தகப்பனைப்போலப் பார்த்த தாதிமாருக்கும், மழை பனி பாராமல் ஏற்றி இறக்கிய ரக்சிச் சாரதிக்கும், கிரியைகள் செய்த ஐயாவுக்கும், செத்தவீட்டில் சமைத்துத் தந்து எங்களோடு இருந்த உறவுகளுக்கும், எங்கள் சகோதரர்களோடு ஒருவராகப் பெட்டிக்குத் தோள் கொடுத்த பற்றிக்கிற்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணா, உங்களைப் போக விட்டிருக்க வேண்டும். முருகன் உங்களை எங்கே வைத்திருக்கிறானோ, அங்கே உங்களை மறிக்க என்னைப்போல ஒருத்தி இல்லாமல் இருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி