மீன் தண்ணீரில் வளர்ந்த காந்தாரி

காய்ச்சல் விட்ட பிறகும் என் கணவருக்கு வாசனை திரும்பி வரவில்லை. வரும், கொஞ்ச நாளாகும், பொறுமையாக இருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினாலும் முதல் கவளத்திலேயே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த மூக்கோடும் நாக்கோடும் மல்லுக்கட்டியே காலம் தள்ளியிருக்கிறேன். இப்போது எதைப் போட்டாலும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துபோனார். உப்பும் காரமும் ஏதோ மங்கலாகத் தெரிகிறதாம், மற்றதெல்லாம் ஈரக் காகிதத்தை மெல்வது மாதிரி இருக்கிறதாம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலிலேயே தீய்ந்த நாற்றம் அடித்தது. உள்ளே ஓடினால், பால் சுண்டிப் பாத்திரம் கறுத்துப்போயிருக்கிறது. அவர் அடுத்த அறையில் ஃபேனுக்குக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேஸ் கசிந்தாலும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே அடுப்பையும் சிலிண்டரையும் மூடினேன். அதற்கப்புறம் வகுப்பில் நின்று பாடம் நடத்தினாலும் மனம் என்னவோ வீட்டு அடுப்பங்கரையில்தான் நின்றது.

நாக்கு எரிகிற மாதிரி காரம் தின்றால் அடைத்த மூக்கு திறந்துகொள்ளும் என்று ஆசிரியர்கள் அறையில் யாரோ சொன்னார்கள். புதுப்பட்டினம் சந்தையில் வாங்கின பச்சை மிளகாய் அவரை ஒன்றும் செய்யவில்லை. மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு நர்சரியில் காந்தாரி மிளகாய் நாற்று இருந்தது. ஒன்றைக் கடித்தால் காது அடைத்துக்கொள்ளும் என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவ்வளவுதான், நாலைந்து நாற்றை அள்ளிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் வைத்துவிட்டேன்.

அதற்கு முன் நான் ஒரு செடிகூட வளர்த்ததில்லை. நாற்று வளர்கிற வேகம் என் வேகத்துக்குச் சரிப்பட்டு வரவில்லை. சின்ன கப் போதாதோ என்று அந்த வாரமே தொட்டிக்கு மாற்றினேன். தொட்டி சின்னதோ என்று பெயிண்ட் பக்கெட்டுக்கு மாற்றினேன். வேர் பிடித்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மாற்றும்போதெல்லாம் செடி துவண்டு படுத்தது, நானும் சோறு இறங்காமல் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன். செடியைக் கொஞ்சம் நிம்மதியாக இருக்க விடேன் என்றார் அவர். அவர் அப்படி அமைதியாகச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வீட்டில் ஒருவர் நிம்மதியாக இருப்பது போதாதா என்று கத்திவிட்டேன்.

தெருமுனையில் மீன் விற்கிற அக்காதான் மீன் கழுவின தண்ணீரை ஊற்றச் சொன்னார். நான் திருப்போரூரில் கோயில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். முட்டைகூட எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை, என் கணவர் வீடும் அப்படித்தான். முதல் நாள் நாற்றம் தாங்காமல் அந்த வாளியைப் பாதிப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டேன். அப்போது அவர் வந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெர்லயே. குடு, நான் ஊத்தறேன்."

காய்ச்சலுக்குப் பிறகு அவராகக் கேட்டு எடுத்துக்கொண்ட முதல் வேலை அது. தினமும் காலையில், பூஜைக்குத் தீர்த்தம் எடுத்துப்போகிற மாதிரி, முகம் சுளிக்காமல் அந்த வாளியோடு படியேறுவார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். செடிகள் என்னவோ தளதளவென்று வந்தன.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. பெரிய படகுகள் கரையேறிவிட்டன, அக்காவின் கடையில் கூடைகள் காலி. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு முடியவில்லை, வாளியோடு போய் நின்றேன். அக்கா உள்ளே கண்ணயர்ந்திருந்தார். வெளியே தொட்டியில் கலங்கலாகத் தண்ணீர் இருந்தது. எழுப்புவானேன் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நானே மொண்டு வந்தேன். கணவர் வழக்கம்போல ஊற்றினார். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும்.

இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்து நிழலுக்கு நகர்த்தினேன், இன்னும் கருகியது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஓடிப்போய் அக்காவைக் கேட்டால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"அது கருவாடு அலசின தண்ணி டீச்சரு. மூக்க மூடிகினு மொண்டியா இன்னா?"

மீன் தின்கிற வீட்டில் சின்னக் குழந்தைகூட மோந்த மாத்திரத்தில் சொல்லியிருக்கும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு மூக்கு இல்லை, இன்னொருத்தி மூக்கை மூடிக்கொள்கிறவள். அன்று சாயங்காலம் இரண்டு பேருமாகச் செடிகளைப் பிடுங்கி, வேரை நல்ல தண்ணீரில் அலசி, புது மண்ணும் மண்புழு உரமும் கலந்து மறுபடி நட்டோம். அவர் வேரைப் பிடித்துக்கொள்ள, நான் மண்ணைத் தள்ளினேன். பிழைத்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றை நான் தொடவில்லை. தொடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தடை நீங்கிப் படகுகள் போயின, மீன் தண்ணீரும் திரும்பி வந்தது. செடி தலையெடுத்துப் பூத்து, குட்டிக் குட்டியாக வானத்தைப் பார்த்துக் காய்த்தது. முதல் காய்களைப் பறித்து, தேங்காயோடு துவையல் அரைத்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கும் ஒழுகியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காரம் தெரியுது," என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதான்," என்றார்.

எனக்கு அந்தச் செடியைக் கண்டாலே வெறுத்துப்போயிற்று. இத்தனை மாத அலைச்சலும் எதற்கு? மாடிக்குப் போவதையே விட்டுவிட்டேன். அவர் மட்டும் விடவில்லை. காலையில் தானே தெருமுனைக்குப் போய், வாளியை நிரப்பிக்கொண்டு வந்து, மாடியேறி ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குச் செங்கல்பட்டு பஸ் பிடிக்கக் கிளம்புவார். பாவம், அதையாவது செய்துகொண்டு போகட்டும் என்று விட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த காலடி பாதியில் நின்றது. வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. தலைசுற்றலோ என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் நடுப்படியில் நின்று வாளியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார்.

"இன்னாடி இது, இந்த நாத்தம் நாறுது? இதையா நான் டெய்லி தூக்கினு போனேன்?"

அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் துண்டைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"இன்னொரு தரம் மோந்து பாருங்க," என்றேன்.

அவர் வாளியின் மேல் குனிந்தார்.