ரோண்டா விட்டேக்கர் ஏழாம் வகுப்புக்கு வந்த கதை

ரோண்டா விட்டேக்கர் உயர்நிலைப் பள்ளியில் பதினொரு வருடம் வேதியியல் நடத்தியவள். மேரிலாந்தில், நாட்டின் தலைநகரை ஒட்டிப் பரந்து கிடக்கும் புறநகர் மாவட்டம் அது. அதன் வடக்குக் கோடியில் புதிதாக ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளி என்ற எல்லையையும் மாற்றிப் போட்டார்கள். ரோண்டாவின் பள்ளியிலிருந்து மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அங்கே போய்விட, வேதியியலுக்கு ஓர் ஆசிரியர் கூடுதல் என்றானது. அந்தத் துறையில் கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான், அதனால் இடம் மாற வேண்டியவளும் அவள்தான்.

"நடுநிலைப் பள்ளியில ஏழாம் வகுப்பு அறிவியல் காலியா இருக்கு," என்றார் தலைமையாசிரியர் பெல்லமி. "சின்னப் பிள்ளைங்கதானே ரோண்டா, ஒரு சிரமமும் இருக்காது."

"உங்களுக்கு இருக்காது," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

புதுப் பள்ளியில் முதல் நாளே ஒருவன் புத்தகம் வைக்கும் தன் லாக்கர் திறக்கவில்லை என்று அழுதான். ஒருத்தி விழுந்த கடைவாய்ப் பல்லைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். பேனாவால் எழுதுவதா பென்சிலாலா என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள். "எப்படிப் போச்சு?" என்று கணவன் லியோன் கேட்டதற்கு, "பேசாத," என்றாள்.

பழைய பழக்கத்திலேயே முதல் தேர்வை வைத்தாள். பாதி வகுப்பு தேறவில்லை. யெசெனியா என்ற சிறுமி விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். ரோண்டா டிஷ்யூ பெட்டியை அவள் முன்னால் தள்ளி வைத்தாள். பக்கத்து அறை சமூக அறிவியல் ஆசிரியர் கில் டவாரெஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ணீங்க?"

"டெஸ்ட் வச்சேன்."

"எத்தனை பக்கம்?"

"நாலு."

"நாலா! எனக்கே அழுகை வருதே," என்றார் கில். யெசெனியா அழுகையோடு சிரித்துவிட்டாள்.

நவம்பரில் ஒருநாள், கொஞ்சமாவது வேதியியல் காட்டுவோமே என்று மெக்னீசியம் துண்டு ஒன்றைக் கொளுத்திக் காட்டினாள். அது கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக எரிந்தது. புகை கூரையைத் தொட்டதுதான் தாமதம், தீ எச்சரிக்கை மணி அலறியது. பள்ளிக்கூடம் மொத்தமும் தூறலில் விளையாட்டுத் திடலில் போய் நின்றது. "எங்க கிளாஸ்தான்! எங்க கிளாஸ்தான் பண்ணிச்சு!" என்று அவளுடைய பிள்ளைகள் மற்ற வகுப்புகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். குடையோடு வந்த தலைமையாசிரியை ஹார்க்னெஸ், "ரோண்டா, இனிமே தீ வேண்டாம்," என்று மட்டும் சொன்னார்.

வேலையே போய்விடுமோ என்ற பயத்தில் ரோண்டா நனைந்துகொண்டு நின்றாள். யெசெனியா அவள் கையைச் சுரண்டினாள்.

"மிஸ், மத்த தீயெல்லாம் மஞ்சளாதான இருக்கும்? இது மட்டும் ஏன் வெள்ளை?"

உயர்நிலைப் பள்ளியில் அதே துண்டை வருடம் தவறாமல் எரித்துக் காட்டியிருக்கிறாள். இது தேர்வுக்கு வருமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஏன் வெள்ளை என்று ஒருவரும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. திடலிலேயே பதில் சொல்லத் தொடங்கினாள். கேட்க ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த வருடம் முழுக்கப் புலம்பினாள், அடுத்த வருடமும்தான். மூன்றாம் வருட வசந்தத்தில் பெல்லமி போன் செய்தார்: பழைய இடம் காலி, வருகிறாயா? லியோன் துள்ளினான்.

"போயேன்! ரெண்டு வருஷமா என் காதுதானே புண்ணாச்சு!"

"இன்னும் கொஞ்ச நாள் புண்ணாகட்டும்," என்றாள் ரோண்டா.

மறுநாள் ஹார்க்னெஸ்ஸிடம் போய், இங்கேயே இருக்கிறேன், ஆனால் என் அறைக்குத் தண்ணீர்க் குழாயும் தொட்டியும் வேண்டும் என்றாள். கழிப்பறையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து சோதனை காட்டி அவளுக்குத் தோள் வலி வந்திருந்தது. கோடை விடுமுறைக்குள் போட்டுவிடலாம் என்றார் ஹார்க்னெஸ். டிசம்பரில்தான் போட்டார்கள்.