காசி பூசிய திருநீறு

காசி ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. அடி அண்ணாமலையில் இட்லிக் கடை வைத்திருப்பவன். பௌர்ணமிக் கூட்டத்தில் சாமியை நினைக்க அவனுக்கு நேரம் ஏது? அப்படிப்பட்டவன் திடீரென்று இரண்டு கையிலும் பட்டை பட்டையாகத் திருநீறு பூச ஆரம்பித்தான். "சாமி, நாலு இட்லி" என்று கிரிவலம் வருகிறவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். வலது முன்கையில் இருந்த வெளிறிய தேமல் யார் கண்ணிலும் படவில்லை.

தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு நர்ஸ் கஸ்தூரி வீடு வீடாக வந்தபோதும் அந்தப் பட்டைதான் கைகொடுத்தது.

"தேமல் ஏதாவது இருக்குதாங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

அவள் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டுப் போய்விட்டாள். தெரிந்தால் எவன் தின்பான் அவன் கை இட்லியை? பயம் நியாயம்தான். ஆனால் சாதித்துவிட்டதாக மனசுக்குள் சிரித்துக்கொண்டானே, அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

இரண்டு வருடத்தில் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. போன வாரம் கொதிக்கிற இட்லிக் குண்டானை வெறுங்கையால் பிடித்தான். தோல் வெந்து உரிகிறது, அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறான். மனைவி அருணாதேவி அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

கஸ்தூரி அவனைக் கண்ணை மூடச் சொல்லித் தேமல் மேல் பேனா முனையால் தொட்டாள். அவனுக்குத் தெரியவே இல்லை. டாக்டரும் பார்த்துத் தொழுநோய்தான் என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா விரலு இப்படி ஆயிருக்காதுங்க" என்று கஸ்தூரி பொரிந்து தள்ளினாள். "மாத்திரை இலவசம், நோய் குணமாயிடும். ஆனா நாளைக்கு வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. கூட இருக்கறவங்களுக்கு ஒட்டியிருக்கலாம்."

எட்டு வயது மகள் கவிநிலா அவன் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். கடை போகட்டும், கை போகட்டும், பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்று வழியெல்லாம் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

நாளை வரை பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை உட்காரவைத்துச் சட்டையை விலக்கினான். தோள்பட்டையில் காசளவு வெளிறல். வெயிலால் வந்தது என்று நினைக்கப் பார்த்தான்; நெஞ்சு ஒப்பவில்லை.

"கண்ண மூடிக்கோ கண்ணு. அப்பா தொட்ட ஒடனே சொல்லணும்."

விளையாட்டென்று நினைத்து இறுக்க மூடிக்கொண்டாள். துடைப்பக் குச்சியால் தொட்டான். மறுபடியும் தொட்டான். அழுத்தினான்.

சிரிப்பை அடக்க மாட்டாமல் அவள் கேட்டாள்: "எவ்ளோ நேரம்ப்பா? சீக்கிரம் தொடு."