மூன்று குழாய்க்கு ஒரு வாஷர்

பம்பரம் என்று அவருக்குப் பேர் வைத்தது யாரென்று தெருவில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஆனால் தப்பாக வைத்துவிட்டார்கள். பம்பரமாவது கடைசியில் சாய்ந்து படுக்கும். இந்த மனுஷன் சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். சைக்கிள் கடையில் இருந்தார், லாரியில் கிளீனராக இருந்தார். வாட்ச்மேன் வேலையை மட்டும் எட்டே நாளில் விட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்களாம்.

அப்புறம் கடல் தாண்டியிருந்த ஒரு நிதியம் அந்தப் பேட்டையின் மூன்று தெருக்களுக்கு மூன்று அடிபம்பு போட்டுக் கொடுத்தது. பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். பம்பரம் போய் நின்றார். மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு ஸ்பேனர் செட், மாதச் சம்பளம். நாள் முழுக்க ஓடுவதற்குச் சம்பளம் தருகிற ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடிபம்பின் உயிர் அதன் வாஷரில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற தோல் கிண்ணம். கைப்பிடியை அடிக்கும்போது தண்ணீரைப் பிடித்து இழுப்பது அதுதான். அது தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். உள்ளூர்க் கடை வாஷர் அந்தக் குழாயில் நிற்காது. அரை நகக்கண் அளவு சின்னது. செருப்பு ரப்பரை வெட்டிப் போட்டுப் பார்த்தார், நாலாம் நாள் பிய்ந்துவிட்டது. சரியான அளவில் இங்கேயே செய்துகொள்ளலாம் என்றால் ஒப்பந்தத்தில் இடமில்லை. உதிரி பாகம் எல்லாம் பணம் கொடுத்த நாட்டுக் கம்பெனியில்தான் வாங்க வேண்டுமாம். அதாவது உதவிப் பணம் விமானம் ஏறி வந்து, தெருவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

கூட வந்த வாஷர்கள் ஒன்றொன்றாய்த் தேய்ந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதிலிருந்து பேட்டைக்கு ஒரு புதுக் காலண்டர். திங்கள், செவ்வாய் முதல் தெரு. புதன், வியாழன் இரண்டாவது தெரு. வெள்ளி, சனி மூன்றாவது தெரு. ஞாயிற்றுக்கிழமை யார் சத்தமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கு. துணி துவைப்பது, தலை குளிப்பது, சொந்தக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிடுவது எல்லாம் வாஷர் இருக்கும் நாளைப் பார்த்துத்தான்.

அவர் வீடு மூன்றாவது தெருவில். வீட்டுக்காரம்மாவுக்குப் பழைய பாட்டில்களை வாங்கிக் கழுவி விற்கிற தொழில். வாஷர் இல்லாத நாளில் அந்தம்மா பாட்டில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாஷர் இருக்கிற தெருவரை நடக்கும். வலது தோள் இப்போதெல்லாம் காதுக்கு மேல் தூக்க வரவில்லை.

"ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுற ஆளு, வீட்டு வாசல்ல மட்டும் வாரத்துக்கு ரெண்டு நாளா?" என்று கேட்கும்.

"எழுதிப் போட்டிருக்கேன்ல!"

எழுதித்தான் போட்டார். பத்துக் கடிதம். பத்துக்கும் ஒரே பதில்: 'ஆய்வு அறிக்கைகளின்படி மூன்று குழாய்களும் நல்ல முறையில் இயங்குகின்றன.' இயங்காமல் என்ன செய்யும்? எந்தக் குழாயைப் பார்க்க ஆள் வந்தாலும், தகவல் காதில் விழுந்த ஏழாவது நிமிடம் பம்பரம் வாஷரோடு அங்கே நிற்பார். தான் பார்த்துக்கொள்கிற குழாய் காய்ந்துபோச்சு என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. அந்த ரோஷம்தான் பத்துக் கடிதத்தையும் தின்றது. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் திட்ட அதிகாரி சட்டையெல்லாம் வேர்த்து வந்து நின்றார்.

"யோவ், நிதியத்துல இருந்து பெரிய அம்மா வர்றாங்க. இன்னைக்கே மூணையும் பார்ப்பாங்களாம். மூணும் ஓடணும்."

"வாஷர் ஒண்ணுதானே சார்."

"அந்தம்மாவும் ஒண்ணுதான்யா. ஒரே நேரத்துல மூணு இடத்துலயா நிக்கப் போறாங்க? ஒண்ணைப் பார்த்து முடிச்சதும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிப் பேசிக்கிட்டே இருக்கேன். நீ கழட்டிக்கிட்டு ஓடு."

வாஷரைக் கொண்டுபோய் மாட்டிவைத்திருந்த முதல் தெருவில் தண்ணீர் கொட்டியது. பெரிய அம்மா கை தட்டினார். அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியதும் பம்பரம் நாலு போல்ட்டைக் கழற்றி, வாஷரை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்து வழியாக ஓடினார். இரண்டாவது தெருவில் மாட்டி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அடித்துப் பார்த்து, சுவருக்குப் பின்னால் போய் மூச்சு வாங்கினார்.

அங்கேயும் கொட்டியது. பெரிய அம்மாவின் ஷூ நனைந்து, அவர் சிரித்தார். கூட வந்த மொழிபெயர்க்கிற அக்கா அதிகாரியிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம் சார். மூணாவதும் ஓடுச்சுன்னா திட்டம் முழு வெற்றின்னு இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருவாங்க. அப்புறம் நிதியத்துக்கு இங்க வேலை இல்லை. பொருள், சம்பளம் எல்லாம் இந்த வருஷத்தோட முடிஞ்சுது."

 முழு வெற்றி. இருப்பு ஒரு வாஷர், அதுவும் ஓரம் நைந்தது.

அதிகாரி சுவரைச் சுற்றி வந்தார். "என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? கழட்டு!"

"சார், ஓடிச்சுன்னா இனி வாஷரே வராதாமே."

"ஓடலைன்னா தோல்வின்னு எழுதுவாங்க. என் பிரமோஷன் போயிரும். அதுக்கு முன்னாடி உன் வேலை போயிரும். எது வேணும், நீயே யோசி."

ஓடிக்கொண்டே எப்படி யோசிப்பது? வாஷரை உருவிக்கொண்டு, ஓட்டத்தோடு ஓட்டமாகத்தான் யோசித்தார். மூன்றாவது தெருவுக்கு வந்தபோது கார் இன்னும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டவில்லை. ஏழு நிமிடம் தாராளமாக இருந்தது. இரண்டாவது தெருவுக்குக் கிளம்பிய வீட்டுக்காரம்மா பாட்டில் மூட்டையோடு குழாயடியில் உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்கு நம்ம முறை இல்லையே, என்ன ஓடி வர்றே?"

அவர் போல்ட்டைக் கழற்றினார். வாஷரைக் கையில் எடுத்தார். பையில் போட்டார். மறுபடி எடுத்தார். காரின் ஹாரன் கேட்டது. வாஷரைப் பையிலேயே போட்டுவிட்டு, அது மாட்டுகிற இரும்புத் தண்டை வெறுமனே உள்ளே இறக்கி, போல்ட்டை முறுக்கிவிட்டார். ஸ்பேனர் இரண்டு தரம் வழுக்கியது.

பெரிய அம்மா வந்து கைப்பிடியைப் பிடித்தார். கீச். கீச். கீச். பத்து அடி, இருபது அடி. ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"நேத்துக்கூட ஓடுச்சு மேடம்!" என்று அதிகாரி பதறினார்.

"நேத்தும் ஓடலை," என்றார் பம்பரம். "முதல் தெருவில ஓடினதும் இதுதான், ரெண்டாவது தெருவில ஓடினதும் இதுதான்." ஈர வாஷரை நீட்டினார். "இப்ப அங்க போயி அடிச்சுப் பாருங்க, ரெண்டும் காத்துதான்."

அக்கா மொழிபெயர்த்தார். பெரிய அம்மா வாஷரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா வெட்கமா என்று பம்பரத்துக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை வேணும்னு கேக்குறாங்க," என்றார் அக்கா.

பத்துக் கடிதத்திலும் அவர் இரண்டுதான் கேட்டிருந்தார். "ஆறு..." என்று இழுத்தார்.

"முப்பது!" என்றது பின்னாலிருந்து வீட்டுக்காரம்மா. "அப்படியே, அளவைக் குடுத்து இங்கயே செஞ்சுக்க விடச் சொல்லுங்க!"

பெரிய அம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஏழு வாரம் கழித்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே முப்பது வாஷர். இங்கேயே செய்துகொள்வது பற்றி 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு சீட்டு. அதற்குள் 'ஒழுங்கீனம்' என்று காரணம் காட்டி அதிகாரி பம்பரத்தை வேலையை விட்டு எடுத்து, ஸ்பேனர் செட்டை எண்ணி வாங்கிக்கொண்டு, தன் மச்சானை நியமித்திருந்தார்.

மச்சான் மூன்று குழாய்க்கும் புது வாஷர் போட்டார். மூன்றிலும் காற்றுதான் வந்தது. பேட்டையே கூடி நின்று அவரை வைதது. பம்பரம் அப்போது பழைய சைக்கிள் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் டியூபைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்தார்.

கடை வாசலில் வீட்டுக்காரம்மா மறித்தது. "சம்பளமும் இல்லை, பொறுப்பும் இல்லை. எவனோ கெடுத்ததுக்கு உனக்கு என்ன ஓட்டம்?"

"தலைகீழாப் போட்டிருப்பான். கிண்ணம் வானத்தைப் பார்க்கணும், இவன் பூமியைப் பார்க்க வச்சிருப்பான்," என்று சொல்லிக்கொண்டே அவர் கடைக்காரரின் ஸ்பேனரைக் கேட்காமல் எடுத்தார். "முதல்ல எந்தத் தெருவுக்குப் போறது?"

அந்தம்மா பாட்டில் மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தது.

"நம்ம தெருவுக்கு. ஒரு தடவையாவது."