பல்லுக்காரம்மா மாற்றிய பூட்டு

தெருவில் அவளுக்குப் பல்லுக்காரம்மா என்று பெயர். பல் வைத்தியர் அல்ல, வைத்தியர்கள் எடுத்து அனுப்பும் அச்சுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. அவள் குடியிருக்கும் வீட்டு ஹவுஸ் ஓனரின் மேல்வரிசைப் பல்கூட அவள் கைவேலைதான். தெருவில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவளைப் பற்றிப் புறம் பேசுவதும் அதே பல்லால்தான்.

புருஷன் வீட்டில் அவள் அலமாரிக்குச் சாவி கிடையாது. கைப்பையை யார் வேண்டுமானாலும் கொட்டிப் பார்ப்பார்கள். அது பொறுக்காமல் வெளியே வந்து, ஓனர் வீட்டு மாடியில் ஒற்றை அறை பிடித்தாள். துணைக்கு ஒரு சாம்பல் பூனை. கையில் நிற்காமல் வழுக்குவதால் அதன் பெயர் மெழுகு. குட்டியாக வந்த நாளிலிருந்து அது வாசற்படி தாண்டியதில்லை.

அன்று மாலை வேலை முடிந்து வந்தால் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. குழாயடியில் செருப்புத் தடம். பூனையைக் காணோம்.

கீழ்வீட்டில் ஓனர் காலாட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் வீட்டுக்குள்ள போனீங்களா?"

"குழாய் ஒழுகுதான்னு பாத்தேன். என் வீடுதானேம்மா? சாவி இருக்கு, போனேன்."

"கதவைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கீங்க. பூனையைக் காணோம்."

"பூனைதானே! பசிச்சா தானா வரும்."

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. சுவர் இவருடையது, சரி. சுவருக்குள் இருப்பவளும் இவருடையவள் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஆனால் வெளியே லாரிகள் ஓடும் சாலை. சண்டைக்கு இது நேரமில்லை.

எதிர்வீட்டு அக்கா தட்டைத் தட்டிக்கொண்டே "மெழுகூ" என்று கூவினாள். தையல்கடைக்காரர் வேறு வந்து, "காணாமப் போனது எந்தத் திசையில இருக்குன்னு சொல்ற ஆள் ஒருத்தர் இருக்காரும்மா" என்றார்.

"அவரு தொலைஞ்சு போனா யாருண்ணே திசை சொல்றது? அக்கா, தட்டாதீங்க. சத்தம் கேட்டா இன்னும் பதுங்கும்."

பயந்த வீட்டுப் பூனை ஊர் சுற்றக் கிளம்பாது. சுவரோரமாக ஒண்டி, முதலில் கிடைக்கும் இருட்டில் நுழைந்து, கூப்பிட்டாலும் வாய் திறக்காமல் கிடக்கும். சோசியம் வேண்டாம், யோசித்தால் போதும். மறுபடி மாடி ஏறி, தன் வாசலிலிருந்து ஒவ்வொரு படியாகக் குனிந்து தேடிக்கொண்டே இறங்கினாள். படிக்கட்டுக்குக் கீழே ஓனரின் சாமான் அறை. கதவில் பூட்டு, இற்றுப்போன அடிப்பலகையில் ஓர் ஓட்டை, ஓட்டையின் விளிம்பில் சாம்பல் மயிர். செல்போன் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னின. பழைய ஒயர் நாற்காலியின் பின்னலில் கால் சிக்கிக் கிடந்தது மெழுகு.

"சார், ரூம் சாவி குடுங்க."

"அதெப்படி? அதுல என் சாமான் இருக்கு. யாரையும் உள்ள விடமாட்டேன். நாளைக்குப் பாக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். கோபம் எல்லை மீறினால் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

"உங்க ஓட்டை நாற்காலிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா? உங்க வாய்ல இருக்கிற மேல்செட்டு நான் செஞ்சதுதான். அதுக்காக நெனச்சப்பல்லாம் வந்து உங்க வாய்க்குள்ள கையை விடட்டுமா, ஆடுதான்னு பாக்க?"

எதிர்வீட்டு அக்கா தட்டைக் கீழே போட்டாள். ஓனரின் கை தானாக வாய்க்குப் போனது. பிறகு சாவிக்குப் போனது.

தையல்கடைக் கத்திரியால் ஒயரை வெட்டினாள். பூனை அவள் மணிக்கட்டைப் பிறாண்டிவிட்டு அக்குளில் முகம் புதைத்தது. அதற்கு நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் கூடத்துக்கு லீவு சொன்னாள். தச்சரைக் கூப்பிட்டு, வாசலுக்கு உள்ளே இன்னொரு வலைக்கதவு போடச் சொன்னாள். ஒன்று திறந்தாலும் மற்றது தடுக்கும். ஜன்னலுக்குக் கம்பிவலை. பூனையின் கழுத்தில் செல் நம்பர் எழுதிய பட்டை. கடைசியாக, வெளிக்கதவுக்குப் புதுப் பூட்டு.

ஓனர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "ஒரு சாவி என்கிட்ட இருக்கணுமே."

"எதுக்கு சார்?"

"தீ கீ பிடிச்சா?"

"உடைச்சுக்கிட்டு வாங்க. கதவுக்கு நான் பொறுப்பு."

"இப்படிப் பேசினா வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்."

"முறையா நோட்டீஸ் குடுங்க, பேசிக்கலாம். அதுவரைக்கும் இது நான் இருக்கிற வீடு. குழாய் பாக்கணும்னா மணி அடிங்க."

வலைக்கதவைச் சாத்தினாள். வெளிக்கதவையும் சாத்தினாள். வெளியே செருப்புச் சத்தம் இறங்கவில்லை. தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு மணி அடித்தது.

பூனையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே கேட்டாள்:

"யாரு?"