பதில் வராததற்கு ஒரு பெயர்

என் மகள் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை. அந்த நாட்களில் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் நடு அறை ஆபீஸாகிவிடும். நான் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டே ஒட்டுக்கேட்பேன். அது தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை. கதவைச் சாத்தாதது அவள் குற்றம்.

நானும் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள்தான். ஆனால் அவள் பேசுவது நான் படித்த இங்கிலீஷ் இல்லை. "பேண்ட்விட்த் இல்லை" என்றால் இதற்கெல்லாம் நேரமில்லை என்று அர்த்தம். "ஆஃப்லைனில் பேசிக்கலாம்" என்றால் எல்லார் முன்னாலும் சண்டை வேண்டாம், பிறகு தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தம். இது எங்கிருந்து வந்தது, அதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டே அவள் பிராணனை வாங்குவேன். கற்றுக்கொண்டதைச் சும்மா வைத்திருப்பேனா? ஒரு நாள் என் கணவர் இரண்டாவது காபி கேட்டபோது, "எனக்கு பேண்ட்விட்த் இல்லை" என்றேன். மனிதர் மறுபேச்சில்லாமல் தானே போய்ப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இந்தப் புது இங்கிலீஷ் மேல் எனக்குத் தனி மரியாதை.

போன வருஷம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு பெங்களூரில் வேலை, அப்பா அம்மா பாலக்காட்டில். ஜாதகம் பொருந்தியது. வந்து பார்த்தார்கள், எல்லாருக்கும் பிடித்தது. நிச்சயம் செய்வதற்கு முன்னால் இரண்டு பேரும் கொஞ்ச நாள் போனில் பேசிப் பழகட்டும் என்று விட்டோம். மெசேஜ் வரும்போதெல்லாம் அவள் தனக்குள் சிரித்துக்கொள்வதை அடுக்களையிலிருந்தே பார்ப்பேன். எனக்குப் பரம சந்தோஷம். கல்யாணச் சமையலுக்கு யாரைக் கூப்பிடுவது என்றுகூட மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பிறகு அந்த போன் சத்தமில்லாமல் கிடந்தது. எடுத்துப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், மறுபடியும் எடுப்பாள்.

"என்னடீ, சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டையா இருந்தாத் தேவலையே. கோஸ்ட் பண்ணிட்டான்மா."

"அப்படின்னா?"

"திடீர்னு ஒருநாள் பேச்சை நிறுத்திடறது. போன் எடுக்கறதில்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை, காரணமும் சொல்றதில்லை. பேய் மாதிரி மறைஞ்சு போறது. அதாக்கும் கோஸ்ட். சாரமில்லை, விடு."

பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சாரமில்லை என்றாளே தவிர, கவிழ்த்து வைத்த போனை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாமென்றால் அதைச் சொல்ல எங்கள் தெருவில் ஒரு வாசகமே உண்டு. "ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினோம், சரியாகச் சேரவில்லை." யாரும் எங்கும் காட்டியிருக்க மாட்டார்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும். ஆனாலும் இரண்டு குடும்பமும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளலாம், மறுநாள் கோயிலில் பார்த்தால் சிரிக்கலாம். என்னையே இரண்டு இடத்தில் அப்படித் தள்ளியிருக்கிறார்கள். பழி கிரகங்களின் மேல் போயிற்று, என் மூக்கின் மேல் வரவில்லை.

கோபத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு குடைச்சல். "இதுக்குன்னு தனியா பேர் வைக்கற அளவுக்கா நடக்கறது?" என்று கேட்டேன்.

"என் டீம்ல பாதி பேருக்கு நடந்திருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தெளிந்தது. பிறகு, "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போரும்மா. இப்படித் தொங்கிண்டு இருக்க முடியலை" என்றாள்.

அவன் சொல்லாவிட்டால் என்ன, நாமே சொல்லி முடித்துவிடலாம் என்று தீர்மானித்தேன். பையனின் அம்மாவைக் கூப்பிட்டேன். மகள் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மரியாதையாக ஆரம்பித்து, கடைசியில் நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிடுவது என் திட்டம்.

"மாமி, ஜாதகத்தை இன்னொரு எடத்துல காட்டினோம், கேட்டேளா..."

"சேரலையாக்கும்" என்றாள் அந்த அம்மாள். பிறகு அவளே, "நாங்க சொல்லியிருக்கணும், நீங்க சொல்றேள். என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியலை மாமி. அவன் எங்கிட்டயும் பேசறதில்லை. கூப்பிட்டா எடுக்கறதில்லை. மெசேஜ் போட்டா, படிச்சுட்டான்னு நீலக் கோடு விழறது, பதில் மட்டும் வரதில்லை. நன்னா இருக்கான்னு அவனோட சிநேகிதன் சொல்லித்தான் தெரியும். என்ன தப்பு பண்ணினோம்னு நானும் ஆத்துக்காரரும் யோசிச்சிண்டே இருக்கோம்" என்றாள்.

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பாவமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"மாமி, இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் இருக்கு."

"இதுக்கா?"

"கோஸ்ட் பண்றதுன்னு பேர். நிறையப் பேருக்கு நடக்கறதாம்."

அந்தப் பக்கம் மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "கோஸ்ட்..." பிறகு கேட்டாள், "அப்போ எங்களுக்கு மட்டும் இல்லையா?"

என் மகள் வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"இல்லை மாமி" என்றாள். "நானும் இருக்கேன்."